விடுதி அறைகளில் கைமாறும் களிம்பு

மைசூரில் நான் தங்கி ஆய்வு செய்யும் விடுதியில் ஒரு களிம்புக் குழாய் அறைக்கு அறை கைமாறுவதைக் கண்டுவருகிறேன். ‘முகம் தெளியும்’ என்பதே அதற்குரிய ஒரே பரிந்துரை. குழாயின்மேல் பெட்டாமெத்தசோன் என்றோ குளோபெட்டசால் என்றோ அச்சிட்டிருக்கும், வாசிப்பார் இல்லை.

இவை தோலழற்சிக்கு மருத்துவர் நாள் கணக்கிட்டுத் தரும் ஸ்டீராய்டுகள். இரத்த நாளங்களைச் சுருக்குவதால் தொடக்கத்தில் முகம் வெளுத்துத் தோன்றும். பின்னர்த் தோல் மெலியும். நாளங்கள் சிவந்த கோடுகளாகத் தெரியும். பருவும் முடியும் பெருகும். நிறுத்தினால் எரிச்சல் மூளும். மீண்டும் அதையே பூச நேரும். 2018இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை எச் அட்டவணையில் சேர்த்தது. மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது. விடுதியில் அச்சீட்டைக் கண்டவர் எவருமில்லை.

எலுமிச்சைச் சாறு இயற்கையானது என்பாரும் உளர். தோலின் பி.எச். மதிப்பு ஏறத்தாழ 5. அச்சாற்றினுடையது ஏறத்தாழ 2. அதைப் பூசி வெயிலில் நடந்தால் கொப்புளமும் கருந்திட்டும் உண்டாகலாம். வெளுக்கப் பூசியதே கறுக்கச் செய்யும்.

இதனை அறியாமை என்று கடந்துவிட இயலவில்லை. வேதியியலில் முனைவர் பட்டத்துக்கு உழைப்போரும் பூசுகின்றனர். ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. நிறத்துக்கு நாம் இடும் மதிப்பெண் மாறவில்லை. திருமணப் பேச்சிலும் நேர்முகத் தேர்விலும் அது இன்றும் கூட்டப்படுகிறது.

நண்பர்களே, குழாயில் உள்ள பெயரை வாசியுங்கள். மாதக்கணக்கில் பூசிவந்திருந்தால் திடீரென நிறுத்தாமல் தோல் மருத்துவரைக் காணுங்கள். உடன் பயில்வோரிடம் ‘கறுத்துவிட்டாயே’ என்று சொல்வதை மட்டும் இன்றே நிறுத்துங்கள். அதற்கு எந்த மருத்துவரும் வேண்டியதில்லை.