கம்ப்யூட்டர் நின்றால் கணக்கை அழிப்பதா?

சேலம் செவ்வாய்பேட்டை, லீ பஜார் மண்டிகளிலும், நாமக்கல், ராசிபுரம் மளிகைக் கடைகளிலும் பேரேடு இருந்த இடத்தில் இன்று கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, விரும்பியோ விரும்பாமலோ நம்மில் பலர் அதற்கு மாறிவிட்டோம். அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. அது நின்றுபோகும்போது நடக்கும் வைத்தியத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

பில் போடும்போதே திரை உறைந்துவிடும். அல்லது புரோகிராம் தானாக மூடிக்கொள்ளும். மெக்கானிக் வருவார். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "ஃபார்மெட் அடிச்சாத்தாங்க சரியாகும்" என்பார். வாசலில் லாரி காத்திருக்க, கடைக்காரரும் சரி என்பார். நகல் எடுத்தாயிற்றா என்று கேட்க அங்கே ஆளிருக்காது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை இது!

வணிகப் பெருமக்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கு வேறு, செட்டிங்ஸ் வேறு. இரண்டும் தனித்தனிக் கோப்புகளாக இருக்கின்றன. பல சமயம் கெட்டுப்போவது செட்டிங்ஸ்தான். தராசில் பாசங்கு இருந்தால் பாசங்கைத்தானே சரிசெய்வோம்? அரிசியையா கொட்டுவோம்?

எது கெட்டது என்று ஓரளவு நாமே கண்டுபிடிக்கலாம். ஒரே ஒரு கோப்பைத் திறக்கும்போது மட்டும் நின்றால், கோளாறு அந்தக் கோப்பில். எந்தக் கோப்பைத் திறந்தாலும் அந்தப் புரோகிராம் மட்டும் நின்றால், செட்டிங்ஸைச் சந்தேகிக்கலாம். மெஷினே நின்றால்தான் டிஸ்க், மெமரி என்று மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

எக்செல் அடிக்கடி மூடிக்கொண்டால், கண்ட்ரோல் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு திறந்தால் 'சேஃப் மோடு' வேண்டுமா என்று கேட்கும். அதில் ஒழுங்காக ஓடினால், இடையில் சேர்த்த ஏதோ ஒரு துணைப் புரோகிராம்தான் குற்றவாளி. காசில்லாமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸில் 2017 முதல் 'ஹெல்ப்' பட்டியலிலேயே சேஃப் மோடு இருக்கிறது. செட்டிங்ஸைப் பழையபடி புதிதாக்கும் வசதியும் அதற்குள்ளேயே உண்டு. நாம் சேமித்த பில்லும் பட்டியலும் அதனால் அழியாது. ஆனால் முழுவதையும் புதிதாக்கினால், நாமே செய்துவைத்த மாதிரிப் படிவங்களும் அகராதியில் சேர்த்த சொற்களும் போய்விடும். ஆகவே 'யூசர்' என்ற அந்த ஃபோல்டரை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி வைப்பது நல்லது. புரோகிராம் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும்; பழையது பத்திரமாக இருக்கும்.

டாலியிலும் செட்டிங்ஸுக்கென்று தனிக் கோப்பு உண்டு. கணக்கு எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் அதில்தான் பதிவாகிறது. அது மாறிப்போனால் திரையில் கம்பெனிப் பெயரே வராது. 'எல்லாம் போயிற்று' என்று பதறுபவர்கள் உண்டு. பெரும்பாலும் போயிருக்காது, இடத்தைத் திரும்பக் காட்டினால் வந்துவிடும். பதற்றத்தில் அந்த நேரம் ஃபார்மெட் அடித்தால்தான் உண்மையாகவே போகும்.

போனால் என்ன ஆகும்? யார் எவ்வளவு பாக்கி என்பது போயிற்று. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதி, 20-ஆம் தேதி என்று கெடு நிற்கிறது. தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரி பாக்கிக்கு 18 சதவீத வட்டி. ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாக்க வேண்டும் என்பதும் சட்டம். மெக்கானிக் அழித்துவிட்டார் என்று அதிகாரியிடம் சொல்ல முடியுமா?

நகல் எடுத்து, அதை வேறொரு மெஷினில் திறந்து காட்டிய பிறகே ஃபார்மெட் என்ற பேச்சு வர வேண்டும் என்பது நமது கருத்து. அதற்குச் சம்மதிக்காத மெக்கானிக்கை மாற்றிக்கொள்ளலாம். கணக்கு எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதைக் கணக்குப்பிள்ளையிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, கல்லாப்பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். கணக்குப்பிள்ளை லீவு போட்டிருக்கும் நாளில்தான் மெஷின் நிற்கிறது.