தரம் சொல்லாத விலை

இஸ்தான்புல்லுக்குச் சுற்றுலாப் போய்வருகிறவர்கள் நம்மிடையே கூடிவிட்டார்கள். கொழும்பிலிருந்து நேரே போகிறவர்கள் ஒரு பக்கம். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஊருக்கு வரும் வழியில் இரண்டு நாள் தங்கிப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். போனவர்களில் பலர் ஒரு கம்பளமோ, கிலிம் விரிப்போ, தலையணை உறையோ வாங்காமல் திரும்புவதில்லை. புறப்படும் முன்பே அவர்களுக்கு ஓர் அறிவுரை கிடைத்துவிடுகிறது: சொல்லும் விலையில் பாதிக்குக் கேள், தருவான். இந்த அறிவுரைதான் நம்மவர்களை ஏமாற்றுகிறது என்பது என் கருத்து. எந்தப் பொருளின் விலையில் பாதி என்று தெரியாதவருக்கு, பாதியும் கூடுதலாக இருக்கலாம். கால்வாசியும் கூடுதலாக இருக்கலாம். பேரம் பேசுவதற்கு முன்னால் தரத்தைப் பேசித் தீர்க்க வேண்டும். மன்னார்க் கரையில் இருப்பவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. நூறு ஆண்டுகளுக்கும் முன்பு, உலகின் கவனத்தை ஈர்த்த ஒரு சந்தை இந்த ஒழுங்கில்தான் நம் மண்ணில் நடந்தது.

1905இல் மறிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பைச் சொல்கிறேன். அந்த ஒரு பருவத்தில் 8 கோடி அளவில் சிப்பிகள் எடுக்கப்பட்டன; அரசுக்குக் கிடைத்த வருமானம் சுமார் 25 இலட்சம் ரூபாய். வெறும் மணல்வெளியில் ஓலையாலும் கம்பாலும் ஒரு நகரம் எழுந்தது. கீழக்கரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குளியாட்கள் வந்தார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசின் பங்கு ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலத்தில் போகும். வாயைத் திறக்காத சிப்பியை வாங்குவது முழுக்க அதிர்ஷ்டம்தான். அதை எவரும் மறைக்கவில்லை. ஆனால் சிப்பி அழுகி முத்து கைக்கு வந்த பிறகு விளையாட்டு மாறிவிடும். பித்தளைச் சல்லடைகள் பத்து. ஒவ்வொன்றிலும் துளையின் அளவு வேறு, 20 துளையிலிருந்து 1000 துளைவரை. அவற்றில் சலித்து முத்துகளைப் பருமன்படி பிரிப்பார்கள். பிறகு உருண்டை, ஒளி, நிறம் பார்த்து ஆணி என்று தொடங்கித் தூள் வரை வகுப்பார்கள். எடை மஞ்சாடியிலும் கழஞ்சிலும் போடப்படும். இவ்வளவும் முடிந்த பின்புதான் விலைப்பேச்சு. அது துணிக்கு அடியில், விரலைத் தொட்டுத் தொட்டு, பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாமல் நடக்கும். விலை மறைவில் இருந்தது, தரம் எல்லார் கண்முன்னும் இருந்தது. பம்பாய் வியாபாரியும் செட்டியாரும் சோனகரும் ஒரே சல்லடையை ஏற்றுக்கொண்டதால்தான் ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாத இடத்திலும் அந்தப் பேரம் நியாயமாக நடக்க முடிந்தது.

துருக்கிக் கம்பளக் கடையில் சுற்றுலாப் பயணி சந்திப்பது இதற்கு நேர் எதிரான ஏற்பாடு. அங்கே விலையை உரக்கச் சொல்வார்கள். முதலில் ஒரு தொகை, முகம் சுருங்கினால் அதற்குக் குறைந்த தொகை, எழுந்தால் இன்னும் குறைந்த தொகை. விலை இறங்குவதைக் காட்டியே வாங்கவைப்பார்கள். தரத்தைப் பற்றிக் கிடைப்பது தேநீரும் கதையும்தான். பட்டுக்கூட்டை வெந்நீரில் போட்டு நூல் பிரித்துக் காட்டுவார்கள். தறியில் ஒரு பெண் நாலு முடிச்சுப் போட்டுக் காட்டுவாள். பிறகு பெரிய கூடத்தில் முப்பது நாற்பது கம்பளங்களை ஒன்றின்மேல் ஒன்றாக விரிப்பார்கள். கண்டது கைவேலை என்பதால் வாங்குவதும் கைவேலைதான் என்று மனம் தானே முடிவுசெய்துகொள்கிறது. அடுக்கில் உள்ளவற்றில் சில காசியான்டெப் ஆலைகளில் இயந்திரத்தில் நெய்தவையாக இருக்கலாம். சில சீனாவிலிருந்தோ பாகிஸ்தானிலிருந்தோ வந்தவையாக இருக்கலாம். பட்டென்று சொல்வது மரக்கூழில் செய்த விஸ்கோஸ் நூலாகவும் இருக்கலாம். அழைத்துவந்த வழிகாட்டிக்குத் தரகு போகிறது; அதுவும் விலைக்குள் ஏறிவிடுகிறது. நேர்மையான கடைகளும் அங்கே ஏராளம். ஆனால் நேர்மையான கடையையும் மற்றதையும் பிரித்தறிய வாங்குபவரிடம் ஒரு சல்லடையும் இல்லை என்பதுதான் பிரச்சினை.

அந்தச் சல்லடையை நாமே கையோடு கொண்டுபோக முடியும். கம்பளத்தின் மூலையைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கையால் முடிச்சிட்டதில் முன்பக்கத்துச் சித்திரம் பின்பக்கத்திலும் தெளிவாகத் தெரியும். முடிச்சுகள் வரிசையாக நின்றாலும் அச்சுப் போல ஒரே அளவில் இரா. ஓரத்துக் குஞ்சம் கம்பளத்தின் பாவு நூலே வெளியே நீண்டு வந்ததாக இருக்க வேண்டும். தனியே தைத்து ஒட்டியிருந்தால் ஐயப்படலாம். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்தால் சாயம் ஒட்டக் கூடாது. பட்டோ கம்பளி நூலோ எரிந்தால் மயிர் கருகும் வாடை வரும்; விஸ்கோஸ் கடதாசி எரிவது போல நாறும். பட்டென்று சொன்னால் ஒரு நூலிழை கேட்டு வாங்கிப் பார்ப்பதில் தவறில்லை. இதற்குமேல் ஒரு கணக்கும் உண்டு. ஒன்றரை மீற்றர் அகலமும் இரண்டு மீற்றர் நீளமும் கொண்ட கம்பளம் 30,000 சதுர சென்ரிமீற்றர். ஒரு சதுர சென்ரிமீற்றருக்குப் 16 முடிச்சு என்றால் மொத்தம் 4,80,000 முடிச்சு. கைதேர்ந்த ஒருத்தி நாளுக்கு எட்டாயிரம் முடிச்சுப் போடுகிறாள் என்று வைத்துக்கொண்டால் அறுபது நாள் வேலை. சொல்லும் விலையை அறுபதால் வகுத்துப் பாருங்கள். வருவது ஒரு நாள் கூலிக்குக்கூடப் போதாத தொகையென்றால், ஒன்று அது கைவேலை இல்லை; அல்லது யாரோ ஒருத்தியின் கூலி, சில இடங்களில் ஒரு பிள்ளையின் பள்ளிக்கூட நாட்கள், அதற்குள் விழுங்கப்பட்டிருக்கின்றன. இரண்டில் எதுவானாலும் அந்த மலிவுக்கு மகிழ எனக்கு மனம் வராது.

கண்ணுக்கு அழகாக இருக்கிறது, வீட்டுக்குப் பொருந்துகிறது, எவர் நெய்தால் என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இயந்திரக் கம்பளத்தில் குற்றம் எதுவும் இல்லை. நம் பள்ளிவாசல்கள் பலவற்றில் விரித்திருப்பது அதைத்தான்; வீடுகளில் உள்ள முசல்லாக்களும் பெரும்பாலும் ஆலையில் நெய்தவைதான். அதை அதன் பெயர் சொல்லி அதன் விலைக்கு விற்கட்டும். ஆலைச் சரக்கு கைவேலையின் பெயரில் விற்கப்படும் ஒவ்வொரு முறையும் உண்மையில் கையால் நெய்பவளின் சந்தை சுருங்குகிறது. சான்றிதழும் பொய்யாக இருக்கலாமே என்பது இன்னொரு மறுப்பு. கடைக்காரர் தானே எழுதித் தரும் அட்டையை நம்ப வேண்டியதில்லை. வெளியே சரிபார்க்கக்கூடிய சான்றுகள் இருக்கின்றன. துருக்கியின் மேற்கே அய்வாஜிக் பகுதியில் 1981இல் தொடங்கிய டோபாக் திட்டம் இயற்கைச் சாயத்தை மீட்டெடுத்தது. கிராமத்துப் பெண்கள் நெய்த கம்பளங்களை நெய்தவர் யார், எந்த ஊர் என்ற குறிப்போடு வெளியே அனுப்பியது. 1994இல் ரக்மார்க் என்று தொடங்கி இன்று குட்வீவ் என்று வழங்கும் முத்திரை, தெற்காசியக் கம்பளங்களில் குழந்தைத் தொழிலாளர் இல்லை என்பதற்கு எண்ணிட்ட அடையாளம் தருகிறது. எந்த ஏற்பாட்டிலும் ஓட்டை இருக்கும். ஓட்டை இருக்கிறது என்பதற்காக ஏற்பாடே வேண்டாம் என்று சொன்னால் பலனடைவது ஏமாற்றுபவர் மட்டும்தான்.

இவ்வளவையும் துருக்கிக்காரருக்குச் சொல்லிவிட்டு நம் திண்ணையைப் பார்க்காமல் விடுவது முறையில்லை. மன்னாருக்கு வரும் பயணி வாங்கிப்போகக்கூடிய வீட்டுப் பொருள் என்று எதைச் சொல்லலாம்? பனையோலைப் பாய், பெட்டி, கடகம், சுளகு. சார்வோலையை வெட்டி, வெயிலில் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, வேண்டியதைச் சாயத்தில் அவித்து, குந்தியிருந்து இழைத்து, கடைசியில் ஓரம் மடக்கிப் பொத்தி எடுக்கிறார்கள். வாரின் அகலத்தைப் பாதியாக்கினால் ஒரே அளவு பாயில் ஓலை ஓலையைக் கடக்கும் இடங்கள் நாலு மடங்காகும். அதாவது வேலையும் ஏறக்குறைய நாலு மடங்கு. ஆனால் நம் கடைகளில் அகலவார்ப் பாயும் நுண்வார்ப் பாயும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். விலையில் சிறு வித்தியாசம்தான். வாங்குபவருக்கு வித்தியாசத்தைச் சொல்ல ஆள் இல்லை. அதனால் அவர் இரண்டையும் பிளாஸ்டிக் பாயோடு ஒப்பிட்டு, "ஓலைக்கா இவ்வளவு விலை?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். இழைத்தவளும் மறுமுறை அகலவாரிலேயே இழைக்கிறாள். நுண்வேலை இப்படித்தான் ஒரு தலைமுறைக்குள் கைவிட்டுப்போகிறது. துருக்கியில் தரத்தை மறைத்தால் வாங்குபவர் இழக்கிறார். இங்கே தரத்தைச் சொல்லாமல் விடுவதால் செய்பவள் இழக்கிறாள்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்தில் பத்தமடைப் பாய்க்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோரையை எவ்வளவு நுண்ணியதாகக் கீறினார்கள் என்பதை வைத்தே அங்கே பாயின் மதிப்பைப் பேசுவார்கள். நம் நாட்டிலேயே தும்பறைப் பாய்க் கலை 2021இல் யுனெஸ்கோவின் பட்டியலில் ஏறியது. பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இருக்கிறது. ஆகவே மன்னார் ஓலைப்பாய்க்கு இல்லாதது அமைப்பும் சட்டமும் என்று சொல்ல முடியாது. இல்லாதது ஓர் எளிய அளவுகோல்: ஒரு சாணுக்கு எத்தனை வார். முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று வார் எண்ணிக்கையைக் கொண்டு பிரித்து, இழைத்தவரின் பெயரும் ஊரும் ஒரு துண்டு அட்டையில் எழுதித் தொங்கவிட்டால் போதும். அட்டை, பதிவு, படிவம் என்றெல்லாம் வந்தால் ஏழைப் பெண்கள் ஒதுக்கப்படுவார்கள் என்று ஒரு பயம் சொல்லப்படுகிறது. அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு, குறிப்பாக மறிச்சுக்கட்டி அமைந்த முசலிப் பகுதியில். 1990 ஒக்டோபரில் அங்கிருந்த முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். போர் முடிந்து திரும்பியபோது காடாகிப்போன காணிக்கு உறுதி காட்டச் சொன்னார்கள். 2017இல் மாவில்லு பேணற்காடு என்று வர்த்தமானி வந்தபோது மறிச்சுக்கட்டி மக்கள் வீதியில் இறங்க வேண்டியிருந்தது. கடதாசியால் இவ்வளவு இழந்தவர்கள் இன்னொரு கடதாசியைச் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பு. அதனால்தான் இந்த அளவுகோல் கொழும்பு அலுவலகத்துக்கு மனுப்போட்டு வாங்கும் ஒன்றாக இருக்கக் கூடாது என்கிறேன். வாரைக் கண்ணால் எண்ணிவிடலாம். அதற்கு அதிகாரி தேவையில்லை. கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ அதைச் செய்ய முடியும். சிலாவத்துறையிலும் மன்னார் நகரிலும் பாய் விற்கும் கடைக்காரர்கள் தரம் பிரித்து வைக்க நாளைக்கே தொடங்கலாம். தெற்கேயிருந்து வரும் பயணியும், விடுமுறைக்கு வரும் புலம்பெயர் உறவினரும் முதல் தரப் பாயைக் கையில் எடுத்து, வாரை எண்ணி, இது எத்தனை நாள் வேலை என்று கேட்க வேண்டும். அதற்குப் பிறகு அவர்கள் பேரம் பேசட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும்.