எழுபத்திரண்டில் ஒரு பங்கு

எங்கள் ஊருக்கு ஓர் ஆகாயவிமானம் பரிசாக வந்திருக்கிறது. எவரும் பதுங்குகுழி தேடி ஓடவேண்டியதில்லை. அதன் நீளம் 22 சென்ரிமீற்றர்தான். முக்கோணச் சிறகு, மூக்கை அடுத்து இரண்டு சின்னத் துணைச்சிறகுகள், வயிற்றின் கீழும் சிறகுகளின் கீழும் வரிசையாகத் தொங்கும் குண்டுகள், இலங்கை விமானப்படையின் அடையாளச் சின்னம் என்று ஒன்றுக்கும் குறையில்லை. கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் குளிர்கால இரவுகளிலே கண்விழித்து, துண்டு துண்டாக ஒட்டி, அரம் போட்டுத் தேய்த்து, சாயம் பூசி அதை உருவாக்கினார். வெருகல் கோயில் திருவிழாவுக்காக ஊருக்கு வந்தபோது, கைக்குழந்தையைக் காப்பதுபோல வழியெல்லாம் மடியில் வைத்துக் கொண்டுவந்து, தம் தமக்கையின் மகனுக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தார். அது கிபிர் விமானத்தின் மாதிரி.

அன்று கதிரவெளியில் அந்த வீட்டு விறாந்தையில் நானும் இருந்தேன். பெட்டி திறக்கப்பட்டதும் சிறுவர்கள் சூழ்ந்துகொண்டனர். நண்பரின் தாயார், எண்பது வயதைத் தாண்டியவர், மூக்குக்கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, விமானத்தை உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இதுவா மனே கிபிர்? இவ்வளவு வடிவாவா இருந்த?" என்று மகனைக் கேட்டார். சற்றுப் பொறுத்து, "நாங்க ஒரு நாளும் நிமிந்து பாக்கல்லயே" என்றார்.

எவரும் பதில் சொல்லவில்லை. நண்பர் சிரித்துச் சமாளித்தார். அந்த அம்மையார் அந்த வார்த்தைகளைச் சொல்லாதிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்கமாட்டேன்.

குண்டு விழும் ஊரில் இருப்பவனுக்கு விமானத்தின் உருவம் தெரியாது. அவன் முகம் மண்ணோடு அழுந்திக் கிடக்கும். அவனுக்குத் தெரிந்தது சத்தம். கிபிர் ஒரு சத்தம்; 'சகடை' என்று நம்மவர்கள் பெயர் வைத்த விமானம் வேறொரு சத்தம்; ஆளில்லாமல் மேலே சுற்றி வேவு பார்த்த 'வண்டு' இன்னொரு சத்தம். பேசத் தொடங்கும் குழந்தைகள்கூட இவற்றைப் பிரித்தறிந்து பதுங்குகுழிக்குள் குதித்த காலம் வடக்கிலும் கிழக்கிலும் இருந்தது. நண்பரோ 1990இல் ஊரைவிட்டுப் போனவர். கிபிர் இந்த நாட்டுக்கு வந்தது 1996இல். ஆகவே அவரும் அதைக் கண்டவரல்லர். ஒரு வியாபாரப் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த படத்தைப் பார்த்தே அதன் வடிவத்தை அவர் கற்றார். குண்டுக்கு ஒளித்துக் கிடந்த தாயின் மகன், குண்டு போட்டவர்களின் கண்ணால் அந்த யந்திரத்தைப் பார்க்கப் பழகி, அந்தக் கண்ணையே மருமகனுக்குப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். என் குற்றச்சாட்டு இதுதான்.

நண்பர் வாதம் செய்யத் தெரிந்தவர். "மாஸ்டர், இது கைவேலை, இதிலே அரசியலைக் கலக்காதீர்கள்" என்றார். கைவேலையை இழிவுபடுத்த நான் யார்? அவருடைய விரல்களின் பொறுமைக்கு முன் நான் தலை வணங்குகிறேன். பகலெல்லாம் ஏதோ ஒரு பண்டசாலையில் பிறருக்காகப் பெட்டி தூக்கும் மனிதன், இரவிலே தனக்கென்று ஒன்றை முழுமையாகச் செய்து முடிக்கத் துடிக்கும் துடிப்பு எத்தகையது என்பது எனக்குப் புரிகிறது. முதலாளித்துவம் மனிதனிடமிருந்து பறித்த படைப்பின் மகிழ்ச்சியை அவன் ஒரு சின்னப் பெட்டிக்குள்ளாவது தேடுகிறான். ஆனால் அந்தத் தேட்டத்தையும் பெட்டியில் அடைத்து விலைக்கு விற்கிறவன் எதை அடைத்து விற்கிறான் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டல்லவா?

'கலை கலைக்காகவே' என்ற பழைய பாட்டின் புதிய மெட்டு இது. அளவு பிசகாமல் செய்திருக்கிறேன் என்பதே இந்தக் கலைஞர்களின் பெருமை. நல்லது, அந்த அளவையே எடுத்துக்கொள்வோம்.

எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்பது இவ்வகை மாதிரிகளின் வழக்கமான அளவு. ஆங்கில அளவையில் 6 அடி ஓர் அங்குலமாகும். இது விளையாட்டுப் பிள்ளைகளின் அளவாக மட்டும் இருந்துவிடவில்லை. 1942இல் அமெரிக்கக் கடற்படை தன் நாட்டுப் பாடசாலை மாணவர்களிடம், 50 வகை விமானங்களை வகைக்கு 10,000 வீதம், ஆக 5 இலட்சம் மாதிரிகளை இதே அளவில் மரத்தில் செதுக்கித் தரும்படி கேட்டது. எதிரி விமானம் எது, நம் விமானம் எது என்று சிப்பாய்களுக்குக் காட்டிப் பழக்குவதற்காக. விளையாட்டு எது, யுத்தப் பயிற்சி எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இரண்டும் ஒரே மேசையில் வளர்ந்தவை.

இனி அந்த அளவிலே மற்றவற்றையும் செய்து பார்ப்போம். 6 அடி ஆழமான பதுங்குகுழி ஓர் அங்குலப் பள்ளம். 4 அடி உயரமான பிள்ளை முக்கால் அங்குலத்துக்கும் குறைவு. ஒரு புளியங்கொட்டையை நிமிர்த்தி வைத்தால் சரி. 3,000 அடி உயரத்தில் பறந்த விமானத்தைச் சரியான தூரத்தில் காட்டவேண்டுமென்றால் நண்பர் தம் மாதிரியை நிலத்திலிருந்து 40 அடிக்கு மேலே, தென்னை வட்டுக்குப் பக்கத்தில் தொங்கவிடவேண்டும். கீழே நின்று பார்ப்பவனுக்கு அப்போது அதன் நிறமும் தெரியாது, சின்னமும் தெரியாது, அதன் அழகும் தெரியாது. அளவைப் பற்றிப் பேசுகிறவர்கள் விமானத்தை மட்டும் அளந்து நிறுத்திவிடுகிறார்கள். பூமியை அளப்பதில்லை.

பெட்டிக்குள் ஒரு சிறு நூலும் இருந்தது. அதை நான் வரிக்கு வரி வாசித்தேன். எந்தப் பாகத்துக்கு எந்த நிறம், எந்த நாட்டுப் படையின் சின்னம் எங்கே ஒட்டவேண்டும் என்று துல்லியமாக எழுதியிருந்தார்கள். எந்த ஊர்களின் மேல் அது பறந்தது என்று ஒரு வரியும் இல்லை. ஆகவே நானே எழுதுகிறேன். கிபிர் என்றால் எபிரேய மொழியில் சிங்கக்குட்டி. பிரெஞ்சு மிராஜ் விமானத்தின் உடலமைப்பில், அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியின் யந்திரத்தைப் பொருத்தி, இஸ்ரேல் கட்டியது. மூன்று நாடுகளின் முதலும் மூளையும் சேர்ந்த பண்டம் இது. வாங்கியது நாலாவது நாடு, சொந்தக் குடிமக்களின் மேல் பறக்கவிட. 2006 ஆகஸ்ட் 14ஆம் திகதி வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் விமானக்குண்டுகள் விழுந்தபோது இறந்தவர்கள் 50க்கும் மேற்பட்டோர். பெரும்பாலோர் பாடசாலை மாணவிகள்.

கதிரவெளியின் கதையையும் சொல்லவேண்டும். 2006 ஏப்ரல் 25ஆம் திகதி கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. அன்றே சம்பூர், மூதூர் கிழக்குப் பகுதிகளில் விமானங்கள் குண்டு வீசின. அங்கிருந்து மூட்டையும் முடிச்சுமாகப் பெயர்ந்த சனம், அடுத்தடுத்த மாதங்களில் வெருகலாற்றைக் கடந்து வாகரைப் பக்கம் வந்து குவிந்தது. ஆழிப்பேரலை அடித்து இரண்டு வருடமும் ஆகாத ஊர் எங்களுடையது. இருந்தும் இடம் கொடுத்தோம். அப்படி வந்தவர்கள் தங்கியிருந்த விக்னேஸ்வரா வித்தியாலயத்தின் மேல் நவம்பர் 8ஆம் திகதி இராணுவத்தின் எறிகணைகள் விழுந்தன. 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காயப்பட்டோர் நூற்றுக்கு மேல். அன்று விழுந்தவை விமானக்குண்டுகளல்ல என்று நண்பர் திருத்தினார். திருத்தம் சரியானதே. விமானத்துக்கு ஓடி வந்தவர்களைப் பீரங்கி பிடித்துக்கொண்டது. வாகரையை விட்டு மக்கள் வெளியேறாதபடி விடுதலைப் புலிகள் தடுத்தார்கள் என்பதும் அக்காலத்திலேயே பதிவான உண்மை. அதையும் மறைக்க நான் ஆயத்தமில்லை.

விமானத்தைப் பரிசாகக் கொடுப்பது நம் மண்ணில் புதிய பழக்கமல்ல. முதலாம் உலகப்போரிலேயே இலங்கையின் பெயரால் பிரித்தானியாவுக்கு விமானங்கள் 'அன்பளிப்பு' செய்யப்பட்டன. ஒன்றுக்கு நம் வயற்கொக்கின் பெயரைச் சூட்டினார்கள்! 1940இல் 5,000 பவுண் சேர்த்துக் கொடுத்தால் ஒரு ஸ்பிற்பயர் விமானத்தில் கொடுத்தவரின் பெயர் எழுதப்படும் என்று ஒரு நிதி தொடங்கினார்கள். ஜேர்மன் நகரங்களின் மேல் இரவிலே குண்டு வீசிய 102ஆம் அணிக்கு 'சிலோன்' என்று பெயர். 79, 234, 264 ஆகிய மூன்று அணிகளுக்குச் 'சென்னை மாகாணம்' என்று பெயர். ஹிட்லரை முறியடிக்க அந்தப் போர் வேண்டியிருந்தது என்பதை எந்த முற்போக்காளனும் மறுக்கமாட்டான். ஆனால் அடிமை நாட்டுக்காரனிடம் பணம் வாங்கிக்கொண்டு பெயரை மட்டும் திருப்பிக் கொடுத்த அந்தப் பரிசளிப்பில் கொடுத்தவனின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும் என்று சொன்ன என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தனா, கொல்வின் ஆர். டி சில்வா முதலியோரை 1940இலேயே சிறையில் போட்டார்கள். 1942 ஏப்ரல் 7ஆம் திகதி அவர்கள் சிறையிலிருந்து தப்பினர்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 9ஆம் திகதி, எங்கள் கடலிலேயே ஒரு பாடம் நடந்தது. திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து முதல்நாள் இரவு தெற்கே ஓடிய ஹேர்மிஸ் கப்பல், மறுநாள் காலை மட்டக்களப்புக்கு நேரே யப்பானிய விமானங்களிடம் அகப்பட்டு, சில நிமிடங்களில் மூழ்கியது. விமானம் சுமப்பதற்கென்றே முதன்முதலாகத் திட்டமிட்டு வரையப்பட்ட கப்பல் அது. அன்று அதில் ஒரு விமானமும் இல்லை. அதன் விமானங்கள் கரையில் நின்றன. 307 பேர் மாண்டனர். இப்போதும் அது கல்லடிக்கு அப்பால் ஆழ்கடலில் கிடக்கிறது. பணம் உள்ளவர்கள் மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு இறங்கிப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதை மூழ்கடித்த ஐச்சி விமானமும் பெட்டியில் விற்பனைக்கு உண்டு. இரண்டையும் கட்டி ஒரே அலுமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம், சண்டை வராது.

"இது சரித்திரம், பிள்ளை அறியவேண்டாமா?" என்பது நண்பரின் இரண்டாவது வாதம். அறியவேண்டும். ஆனால் அந்த வீட்டில் சரித்திரம் ஏற்கனவே கதிரையில் உட்கார்ந்து கொண்டிருந்தது. அதனிடம் அந்தப் பிள்ளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 'இந்தக் குண்டு எத்தனை கிலோ?' என்று மாமாவிடம்தான் கேட்டான். அவனைக் குறை சொல்லமாட்டேன். போருக்குப் பின் பிறந்தவன்; கையில் எதைக் கொடுத்தோமோ அதைப் பற்றித்தானே கேட்பான்?

மாதிரி கட்டும் மோகம் தனிமனிதர்களுக்கு மட்டும் உரியதல்ல. எங்கள் அரசும் கட்டியது, ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில். 2021இல் ஐந்து பழைய கிபிர்களைப் புதுப்பிக்க இஸ்ரேலியக் கம்பனியுடன் 5 கோடி டொலருக்கு ஒப்பந்தம் செய்தார்கள். போர் முடிந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு, 2022 மார்ச்சில், கடுதாசி இல்லை என்று மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளை ஒத்திவைத்தார்கள். ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று கைவிரித்தார்கள். ஆசிரியர்களே, வினாத்தாள் அச்சிடக் கடுதாசி இல்லாத நாட்டில் சிங்கக்குட்டிக்குத் தீனி இருந்ததை நீங்கள் மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

இன்னொரு சாராரையும் இங்கே விட்டுவிட முடியாது. கிபிரைக் குப்பையில் எறியச் சொல்வார்கள். ஆனால் 2007 மார்ச் 26ஆம் திகதி கட்டுநாயக்காவில் குண்டு வீசிய புலிகளின் சிறு விமானத்தை மாதிரி செய்து மாலை போடுவார்கள். அன்று இறந்த விமானப்படையினர் மூவர். அவர்களுக்கும் தாய்மார் இருந்தனர். 'நம்முடைய' விமானம் என்பதனால் புளியங்கொட்டைகள் உயிர் பெற்றுவிடப் போவதில்லை. இதைச் சொன்னதற்காக என்னைத் துரோகி என்பவர்கள் கடிதம் எழுதலாம், வாசிப்பேன்.

"அப்படியானால் பிள்ளைக்கு எதைத்தான் செய்து கொடுப்பது?" என்று கடைசியில் நண்பர் கோபித்தார். இதற்கும் சரித்திரத்திலிருந்தே பதில் சொல்வேன். பிளாஸ்டிக் விமானப் பெட்டிகளால் உலகப் புகழ் பெற்ற எயார்பிக்ஸ் கம்பனி 1949இல் முதன்முதலாக வார்த்த மாதிரி விமானமல்ல. பேர்குசன் உழவு இயந்திரம். விற்பனையாளர்கள் கையில் வைத்துக் காட்டுவதற்காக உழவு இயந்திரக் கம்பனி கேட்டுச் செய்வித்தது. ஸ்பிற்பயர் வந்தது 1953இல். பிறகு எது அதிகம் விற்றது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. அந்தப் பிள்ளையின் பாட்டனார் வயல் செய்தவர். சிற்றப்பன் இன்றும் தோணி வலிக்கிறவர். தோணியின் வளைவை எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் செதுக்குவது கிபிரின் சிறகை ஒட்டுவதைவிடக் கடினம் என்று நண்பருக்கே தெரியும். அதற்குப் பெட்டி கிடைக்காது. பிள்ளையும் மாமனும் கரைக்குப் போய்க் கயிறு பிடித்து அளந்துதான் ஆகவேண்டும்.

நண்பர் திரும்பிப் போய்விட்டார். சென்ற கிழமை கடிதம் வந்தது. தோணியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கிபிரை அடித்து நிறுத்த ஒரு பலகை செய்யப் போகிறாராம். பலகையின் மேல் மண்ணும் பள்ளமும் ஒரு பாடசாலைக் கட்டடமும் வைக்க எண்ணமாம். கட்டடத்தின் நீள அகலம், யன்னல்களின் எண்ணிக்கை, கூரை ஓடா தகரமா என்று விசாரித்து எழுதும்படி கேட்டிருக்கிறார். சனிக்கிழமை பின்னேரம் நானும் அந்தச் சிறுவனும் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போனோம். நான் ஒரு முனையைப் பிடிக்க, அவன் மறுமுனையோடு சுவரோரமாக நடந்தான். அவனுடைய அம்மம்மாவும் கூட வந்திருந்தார். அன்றைக்கு யார் யார் எந்தெந்த மூலையில் படுத்திருந்தார்கள் என்று அவர் காட்டிக்கொண்டு வந்தார். பையன் அதையும் கொப்பியில் குறித்துக்கொண்டான்.