நிற்கிற காரை நம்பாதே!

ஓடுகிற காருக்கெல்லாம் பயந்து பயந்து சைக்கிள் மிதிக்கிற ஆசாமி நான். கடைசியில் என்னைக் கவிழ்த்தது நிற்கிற கார்! மயிலாப்பூர் தெற்கு மாட வீதி. ஓரமாக நின்ற காரின் டிரைவர் கதவு படாரென்று திறந்தது. முட்டியில் நாலு தையல். இறங்கியவர் முதலில் தடவிப் பார்த்தது கதவை. அப்புறம்தான், "பார்த்து வரக் கூடாதா தம்பி?"

நெதர்லாந்தில் கதவுப் பக்கத்துக் கையால் திறக்காமல் அடுத்த கையால் திறக்கச் சொல்லித் தருகிறார்களாம். நம்மூர் டிரைவருக்கு அது இடது கை. உடம்பு தானாகத் திரும்பும். பின்னால் வருகிற அப்பாவி கண்ணில் படுவான். பிரிட்டனும் 2022-ல் இதைச் சாலை விதிகளில் சேர்த்தது. லோனில் கார் வாங்கப் போகிற புண்ணியவான்களே, இப்பவே பழகிக்குங்க!

நானோ நிற்கிற காரைவிட்டு ஒரு கதவு அகலம் தள்ளித்தான் போகிறேன். பின்னால் ஹாரன் அலறுகிறது. அலறட்டுமே!