படத்தின் அருகே ஒரு சொல்

திருப்பூரில் ஏற்றுமதிக்காகத் தைக்கப்படும் பின்னலாடையின் உட்புற லேபிளைப் பாருங்கள். இஸ்திரிப் பெட்டியின் படம் எவருக்கும் விளங்கும். பக்கத்திலுள்ள முக்கோணம் பிளீச்சிங்கைக் குறிக்கிறது என்பதோ, சொல்லிக் கொடுத்தாலன்றி விளங்காது. அங்கே பொருள் தவறினால் சாயம் போகும்; மருத்துவமனை இணையதளத்தில் தவறினால் நேரம் போகும்.

நள்ளிரவில் நெஞ்சுவலியால் துடிக்கும் தந்தையின் அருகிலிருந்து கைபேசியைத் திறக்கும் மகளுக்கு, வெறும் இதயப் படம் எதைச் சொல்லும்? இதயநோய்ப் பிரிவையா, விருப்பக் குறியையா? தொலைபேசிப் படமும், அருகே ‘ஆம்புலன்ஸ் 108’ என்னும் எழுத்தும் இருப்பின் ஐயமில்லை.

எழுத்தே போதும் என்பார் சிலர். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இங்கு வந்து உழைப்போருள் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவர்களுக்குப் படம் வேண்டும். படமே போதும் என்பாரும் உளர். பார்வையற்றோருக்குக் கைபேசி வாசித்துக் காட்ட எழுத்து வேண்டும். ஆகவே இரண்டும் இணைந்திருத்தலே முறை.

ஒரு குறி விளங்குகிறதா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அதை வரைந்தவர் அல்லர். நோயாளியும் அவருடன் வருபவருமே. விளங்காத குறியைக் கண்டால் வரவேற்பறையில் தெரிவியுங்கள். அக்குறை உங்களுடையதன்று.