டம்ளரா, காகிதக் கோப்பையா?

காப்பிக் கடையில் காகிதக் கோப்பையை நீட்டினால், "எச்சில் படாதது" என்று திருப்தியோடு வாங்கிக்கொள்கிறோம். வெறும் காகிதத்தில் சூடான காப்பி நிற்குமா, சகோதரிகளே? உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது! கரக்பூர் ஐ.ஐ.டி.யில் 2020-ல் சோதித்துப் பார்த்தார்கள். 100 மில்லி சுடுநீர் அதில் கால் மணி நேரம் இருந்தால் சுமார் 25,000 நுண்ணிய பிளாஸ்டிக் துணுக்குகள் கலந்துவிடுகின்றனவாம். குழந்தையின் பாலை அதிலேயே அல்லவா ஆறவைக்கிறோம்!

தமிழக அரசு 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்தே இதற்குத் தடை விதித்தது. ஆனாலும் கோப்பை மறைந்தபாடில்லை.

எவர்சில்வர் டம்ளரை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தால் போதாதுதான். வெந்நீரில் கழுவித் தரச் சொல்லுங்கள். கேட்கச் சங்கோசமா? வீட்டு டம்ளரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். போன வாரம் நான் அப்படித்தான் நீட்டினேன். கடைக்காரர் சிரித்தார், ஆனால், நுரை ததும்ப நிரப்பியே கொடுத்தார்!