கத்திரி வெயிலும் கண்ணாடித் தொட்டியும்

சித்திரை பிறந்து கத்திரி வெயில் நெருங்கிவிட்டால் உயிர்கள் யாவும் நிழல் தேடி ஓடுகின்றன. மாடு புளியமரத்தடியை நாடுகிறது. காக்கை இலைச் செறிவில் ஒதுங்கி, அலகைத் திறந்து இளைக்கிறது. மனிதன் மின்விசிறியின் அடியில் அமர்ந்து மோர் குடிக்கிறான். குளத்து மீன்கூட அடித் தண்ணீரின் குளிர்ச்சிக்கும் தாமரை இலையின் நிழலுக்கும் இறங்கிவிடுகிறது. ஓடி ஒதுங்க இடமே இல்லாத உயிர் ஒன்று உண்டு. அதுதான், நம் வீட்டுக் கூடத்திலும் கடை முகப்பிலும் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளிலும் கண்ணாடித் தொட்டிக்குள் நாம் அடைத்து வைத்திருக்கும் வண்ண மீன்.

“மீன் தண்ணீரிலேதானே இருக்கிறது? அதற்கென்ன வெயில்?” என்று கேட்போர் உண்டு. வேலூரிலும் திருத்தணியிலும் கரூர் பரமத்தியிலும் கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. சிறிய தொட்டியின் நீர், அறையின் வெப்பத்தையே பின்பற்றிச் செல்லும். மூடிய அறையில் அது 32, 33 டிகிரியைத் தொடுவது அரிதன்று. மீனின் உடலுக்கெனத் தனி வெப்பநிலை இல்லை; நீரின் சூடே அதன் சூடு. சீனத்திலிருந்து உலகெங்கும் பரவிய தங்கமீனுக்கோ 20 டிகிரியை ஒட்டிய குளிர்ந்த நீரே இதமானது. அதற்கு நம் மே மாதம் எப்படி இருக்கும் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

வரவு குறைகிறது, செலவு ஏறுகிறது

கோடையில் மீன் இறந்தால் “சூடு தாங்காமல் செத்தது” என்று ஒரே வரியில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். உண்மையில் பெரும்பாலான மீன்கள் இறப்பது மூச்சுத் திணறியே ஆகும். 20 டிகிரி நீரில், லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகவும், 35 டிகிரியில் ஏழு மில்லிகிராமாகவும் குறைந்துவிடுகிறது. இது வரவு. செலவோ எதிர்த்திசையில் செல்கிறது. வெப்பம் பத்து டிகிரி உயர்ந்தால் மீனின் உடல் இயக்கம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. வரவு குறையும்போது செலவு இரட்டிக்கும் குடும்பம் என்ன ஆகுமோ, அதுவே தொட்டிக்கும் ஆகிறது.

இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட சாதாரணத் தொட்டியில் ஏறத்தாழ 56 லிட்டர் நீர் பிடிக்கும். 30 டிகிரியில் அந்த நீர் முழுவதிலும் கரைந்திருக்கக் கூடிய பிராணவாயு அரை கிராம்கூட இல்லை! நாம் சுவாசிக்கும் காற்றில் லிட்டருக்கு லிட்டர் அதைப்போல் முப்பது மடங்குக்கு மேல் பிராணவாயு இருக்கிறது. எனவே, மூச்சுக்குத் தவிப்பது என்ன என்பதை நாம் எளிதில் உணர்வதில்லை.

அத்துடன் நிற்கவில்லை. மீன் வெளியேற்றும் அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பகுதியும் சூட்டோடு ஏறுகிறது. 20 டிகிரியில் இருப்பதைப்போல் 30 டிகிரியில் ஏறத்தாழ இரு மடங்கு. தொட்டியில் செடியும் பாசியும் இருந்தால், அவை பகலில் பிராணவாயுவைத் தருகின்றன; இரவிலோ அவையும் அதையே உண்கின்றன. ஆகவேதான் விடியற்காலையில் தொட்டியின் நிலை மிக மோசமாக இருக்கிறது. இரவு நன்றாக இருந்த மீன் காலையில் மிதப்பதன் மருமம் பெரும்பாலும் இதுவே.

அன்பின் பெயரால்

குளிரில் நடுங்கும் என்றெண்ணி மயிலுக்குப் போர்வை தந்தான் பேகன். தேவை அறியாமல் உள்ளம் உருகிக் கொடுப்பதைக் கொடைமடம் என்று சான்றோர் போற்றினர். பேகனின் மடத்தால் மயிலுக்குத் தீங்கு ஏதும் நேரவில்லை. நம் மீன்தொட்டிக் கொடைமடமோ உயிரையே வாங்கிவிடுகிறது. இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விரும்புவதும் இது ஒன்றையே: கோடையில் தொட்டி மீன்களைக் கொல்வதில் வெயிலுக்குப் பாதிப் பங்கு என்றால், அறிவோடு சேராத நம் அன்புக்கு மீதிப் பாதி.

மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. “பாவம், பசிக்கிறது” என்று இன்னொரு பிடி தீனியைப் போடுகிறோம். அது கேட்டது காற்று. நாம் கொடுத்தது உணவு. தின்னாத தீனி அடியில் தங்கி அழுகுகிறது. அழுகலை உண்ணும் நுண்ணுயிர்கள் மிச்சமிருந்த பிராணவாயுவையும் உறிஞ்சிக்கொள்கின்றன.

இன்னொருவர் பனிக்கட்டியைக் கொண்டுவந்து நேரே தொட்டியில் போடுகிறார். சில நிமிடங்களில் நீரின் சூடு சரிய, மீன் அதிர்ச்சியுறுகிறது. வெப்பநிலை திடீரென ஏறி இறங்கினால் மீனின் எதிர்ப்பாற்றல் குன்றி, வெண்புள்ளி நோய் எளிதில் பற்றும். மற்றொருவர் தொட்டியை முழுவதும் கவிழ்த்து, கூழாங்கற்களைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, குழாய் நீரை அப்படியே நிரப்புகிறார். அம்மோனியாவைத் தீங்கற்றதாக்கும் நல்ல பாக்டீரியாக்கள் கழுவலோடு போயின. நீரில் கலந்த குளோரின் மீனின் செவுளை அரிக்கிறது. இவர்கள் எல்லோரும் நல்லவர்களே. ஆனால் மீனுக்குத் தேவை நல்லவர் மட்டுமல்லர், அறிந்தவரும்கூட.

வாஸ்துவுக்காக மீன் வளர்ப்போர் நிலை இன்னும் வேடிக்கை. தொட்டி மீன் இறந்தால், வீட்டுக்கு வர இருந்த தீங்கை அது தன்மேல் ஏற்றுக்கொண்டது என்றொரு நம்பிக்கை. இதைவிட வசதியான சமாதானம் வேறென்ன வேண்டும்? அந்தத் தீங்கு பல வேளைகளில் நாற்பது டிகிரி வெயிலும் நின்றுபோன காற்றுக்குழலும்தான் அல்லவா?

செய்யத் தக்கவை

செலவு அதிகமில்லாத வழிகள் நம் கையிலேயே உள்ளன. முதலாவது, காற்று. காற்றுப் பம்பு இரவும் பகலும் ஓட வேண்டும். மின்வெட்டு உள்ள ஊரில் பாட்டரியில் ஓடும் சிறு பம்பு ஒன்று துணைக்கு இருக்கட்டும். நீரின் மேற்பரப்பு எவ்வளவு விரிந்து அசைகிறதோ, அவ்வளவு காற்று உள்ளே கலக்கும். கழுத்துக் குறுகிய கண்ணாடிக் குடுவையில் விளிம்புவரை நீர் நிரப்பி மீன் வளர்ப்பதை நாம் அடியோடு கைவிட வேண்டும் என்பது என் கருத்து. அது அழகான சிறைகூட அன்று. மெல்லக் கழுத்தை நெரிக்கும் கருவி.

இரண்டாவது, குளிர்ச்சி. மண்பானை நீரை எது குளிர்விக்கிறதோ, அதுவே தொட்டியையும் குளிர்விக்கும். மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, மேசை விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வீசுமாறு வைத்தால், நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துச் செல்லும். வறண்ட காற்றுள்ள உள்மாவட்டங்களில் இரண்டு மூன்று டிகிரி குறையும். கடலோரப் புழுக்கத்தில் பலன் சற்றுக் குறைவே. சன்னல் வெயில் படாத இடத்துக்குத் தொட்டியை மாற்றுவதும், அலங்கார விளக்கை அணைத்து வைப்பதும் செலவே இல்லாத வைத்தியம். பனிக்கட்டி வைத்தே ஆகவேண்டுமானால், மூடிய பையில் இட்டு, சிறிது நேரம் மிதக்கவிட்டு, வெப்பமானியைப் பார்த்தபடி எடுத்துவிடுக.

மூன்றாவது, அளவு. ஒரு நாளைக்கு ஒரு முறை, இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே தீனி போதும். வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுக. அந்நீரும் ஒரு நாள் திறந்த வாளியில் நின்றதாக இருக்கட்டும். தொட்டியில் கூட்டமும் குறைய வேண்டும். நம் வெப்பத்துக்குத் தக்க இனத்தையே தேர்ந்தெடுப்பது எல்லாவற்றினும் மேல். ஃபைட்டரும் கௌராமியும் செவுளோடு மேற்காற்றையும் சுவாசிக்கும் தனியுறுப்பு உடையவை; கப்பியும் ஓரளவு தாங்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் குளிர்ந்த ஓடைகளில் வாழும் ‘மிஸ் கேரளா’வை வாங்கிச் சமவெளியின் அனலில் வைப்பது அதற்கு இழைக்கும் அநீதி.

கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம்

பேராசிரியப் பெருமக்களே, நண்பர்களே! கோடை விடுமுறை தொடங்குவதும், தொட்டி மீன்களுக்குச் சோதனைக்காலம் தொடங்குவதும் ஏறத்தாழ ஒரே வேளையில்தான். தேர்வு முடிந்ததும் நாம் ஊருக்குப் பேருந்து ஏறிவிடுகிறோம். மீனுக்கு விடுமுறை இல்லை. அறையைப் பூட்டும்போது மின் இணைப்பையும் துண்டிப்பது நிறுவனங்களின் பொதுவான வழக்கம். காற்றுப் பம்பின் உயிர்மூச்சும் அதோடு நிற்கும். “காவலாளி பார்த்துக்கொள்வார்” என்பது ஏற்பாடு ஆகாது. பொறுப்பைத் தட்டிக் கழிப்பதற்கு நாம் இட்ட பெயர் அது.

ஆகவே, விடுமுறைக்கு முன்பே உள்ளூர் மாணவர்களுக்கு முறை வைத்துப் பட்டியல் எழுதித் தொட்டியின் அருகில் ஒட்ட வேண்டும். தொட்டிக்குரிய மின் இணைப்பு தனியே நிற்க வேண்டும். அதற்கு இயலாவிடில், பொறுப்புள்ள வீட்டில் மீன்களை ஒப்படைத்துவிட்டுத் தொட்டியைக் காலியாகவே வைத்திருப்பது மேல். ஏரியில் கொண்டுபோய் விடுவது மட்டும் கூடாது. அது கருணையன்று, அயல்நாட்டு மீன் பெருகினால் நம் நாட்டுக் கெண்டையும் கெளுத்தியும் இடமிழக்கும். தொட்டி துப்புரவுக்கென வாங்கி விடப்பட்ட தென்னமெரிக்க உறிஞ்சு மீன்கள் நம் நீர்நிலைகளில் பெருகிக் கிடப்பது இதற்குச் சான்று.

செவுளின் அமைப்பை அழகுற வரைந்து பாகங்களைக் குறித்து மதிப்பெண் பெறுகிறோம். அந்தச் செவுள் கண்ணெதிரே துடிக்கும்போது அது என்ன கேட்கிறது என்று புரிந்துகொள்ளும் நாளில்தான், நாம் படித்த விலங்கியல் நமக்குச் சொந்தமாகும்.